புது பேசினும் சுவருக்குள் இருந்த பழைய பைப்பும்: காத்தான்குடி நானா செய்து தந்த வேலை

மட்டக்களப்பு நாவற்குடாவில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் குளியலறையில் புதிதாக ஒரு வாஷ் பேசின் பூட்டினோம். சரியாகச் சொன்னால், நவம்பரில் ஒருவர் பூட்டினார். ஜனவரியில் இன்னொருவர் அதைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். இரண்டாவதாக வந்தவரின் வேலையைப் பற்றியும், அவரை எனக்குக் காட்டித்தந்த காத்தான்குடி ஹாட்வெயார் கடையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். பேசின் கடையில் வாங்கிய புதுசு, சுவருக்குள் இருப்பது அப்பா காலத்துப் பைப் என்ற நிலைமை எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. எனக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கக் கூடாது.

பெயரும் நம்பரும் போடலாமா என்று அந்த இரண்டாவது ஆளிடமே, அதாவது நானாவிடமே கேட்டேன் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்). "வேணாம் தங்கச்சி, இப்ப வாற போனுக்கே பதில் சொல்லி முடியல்ல" என்றார். ஆகவே போடவில்லை. கடையின் பெயரைப் போட்டால் அவரைச் சொன்ன மாதிரித்தான், அதனால் அதையும் விட்டுவிட்டேன். பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் பிரதான வீதியில் உள்ள ஒரு கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் பழைய வீட்டின் கூரை முழுவதும் போய்விட்டது. அதற்குப் பிறகு அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து 1981 இல் இந்தக் கல்வீட்டைக் கட்டி முடித்தார். பின்பக்கக் குளியலறையில் அப்போதே ஒரு சின்ன வெள்ளைப் பேசின் இருந்தது. நான் ஓ.எல். படிக்கும் காலத்தில் அது வெடித்துவிட்டது. கழற்றி எறிந்துவிட்டுப் பைப்பின் வாயில் துணியை அடைத்தோம். அன்றிலிருந்து முகம் கழுவுவது, பல் தீட்டுவது எல்லாம் கிணற்றடிக் குழாயில்தான். அம்மாவுக்கு இப்போது 76 வயது. முழங்கால் தேய்மானம். மழை தொடங்கினால் கிணற்றடிச் சிமெந்தில் பாசி பிடித்து வழுக்கும். கட்டாரில் இருக்கும் என் வீட்டுக்காரர், "மழைக்கு முதல் மாமிக்கு உள்ளுக்க ஒரு பேசின் போடு" என்று காசு அனுப்பினார்.

முதலில் வந்தவரைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பேசினைச் சுவரில் நேராகத்தான் பொருத்தினார், அதில் குறை சொல்ல முடியாது. கழிவுத் தண்ணீர் போகும் பக்கம்தான் பிழைத்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கறள் பிடித்த ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப் துண்டை அப்படியே விட்டார். பேசினுக்கடியில் தண்ணீரைத் தேக்கி நாற்றத்தை மறிக்கும் ட்ரப், அதில் வெள்ளை பிளாஸ்டிக் ஒன்றை பி.வி.சி. பைப் துண்டோடு கம் பூசி ஒட்டினார். மூன்றாம் நாள் அது கையோடு வந்தது. கூப்பிட்டால் திரும்ப வந்தார், அதையும் சொல்ல வேண்டும். வந்து, மடிப்பு மடிப்பாக நெளியும் ஹோஸ் ஒன்றை எடுத்து, அதன் நுனியை அந்த ஜி.ஐ. துண்டுக்குள் தள்ளி, சுற்றிவர சிலிக்கோன் அடித்து, மேலே வெள்ளைச் சிமெந்து பூசி மூடினார். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. 7,500 ரூபாய் கொடுத்தேன்.

ஒரு கிழமைக்குள் நாற்றம் தொடங்கியது. காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். தண்ணீர் இறங்கும்போது பேசினுக்குள் யாரோ கொப்பளிப்பது போலச் சத்தம் வரும், பிறகு தண்ணீர் தேங்கி நிற்கும். இரவில் லைட் போட்டால் பேசினின் ஓட்டையிலிருந்து கரப்பொத்தான் ஏறி வரும். அம்மா மறுபடி கிணற்றடிக்கே போகத் தொடங்கினார்.

அதைவிடப் பெரிய நட்டம் எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் என் தையல் அறை. அது சீருடை தைக்கும் காலம். வெள்ளைத் துணிகளைப் பிள்ளைகளின் பெயர் எழுதிய துண்டோடு கட்டி, சுவரோடு இருக்கும் பலகையில் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு நாள் அடியில் இருந்த கட்டை இழுத்தேன், கையில் ஈரம் பட்டது. சுவர் ஊறிப் பூச்சு பொங்கி நின்றது. மூன்று பிள்ளைகளின் துணியில் செம்மண் நிறத்தில் கறள் கறை. தேசிக்காயும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டேன். மங்கியது, போகவில்லை. வெள்ளைச் சீருடையில் மங்கிய கறையும் கறைதான். மூன்று பேருக்கும் என் காசில் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அந்தத் தாய்மார் ஒரு சொல் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு அது இன்றுவரை மனதில் நிற்கிறது.

அடுத்த நாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். நானே இன்னொரு சிலிக்கோன் வாங்கி அடித்துவிடலாம் என்பதுதான் எண்ணம். கடையில் கவுண்டரில் இருந்த பையன் சிலிக்கோனை எடுத்து வைத்துவிட்டு, "எதுக்கு அக்கா?" என்று கேட்டான். போனில் படம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தான், பிறகு உள்ளே இருந்த தன் வாப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் வெளியே வந்து, "இதுக்கு நான் சிலிக்கோன் தரமாட்டன் மகள். கறள்லயும் சவர்க்காரத்துலயும் அது புடிக்காது. நாலு நாள் நிக்கும், மறுகா ஒழுகும். ஆள் ஒருத்தர் இரிக்கார், அனுப்பி வைக்கன்" என்றார். கையில் காசோடு நிற்கும் ஆளுக்குச் சாமானை விற்க மறுத்த கடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒடுக்கமான கடை. சுவர் முழுக்கப் பெட்டி பெட்டியாக பி.வி.சி. சாமான், ஒவ்வொரு பெட்டியிலும் மார்க்கரால் அளவு எழுதியிருக்கிறது. எதை வாங்கினாலும் கவுண்டரிலேயே ஒன்றுக்குள் ஒன்று போட்டுப் பார்க்க விடுகிறார்கள். பில்லை வைத்திருந்தால் பாவிக்காத சாமானை ஒரு கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். நான் இரண்டு எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவுத் துண்டு) திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கினேன், முகம் சுளிக்கவில்லை. குறை என்றால் வாகனம் நிறுத்த இடமில்லை, கார்ட் எடுக்க மாட்டார்கள், தொழுகை நேரத்தில் கடை மூடிவிடும்.

நானா சொன்ன நாளில் வரவில்லை. இரண்டு நாள் பிந்தி வந்தார். போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம், அது ஒரு குறை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தன் மருமகனை உதவிக்குக் கூட்டி வந்தார்.

வந்தவர் குளியலறைக்குள் போகவே இல்லை. "தண்ணி எங்க போய் விழுது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, "தம்பி, அந்தக் கறிவேப்பிலை மரத்தடியில ஒரு கல்லு மூடி இருக்கு" என்று காட்டினார். மண்ணைக் கிளறி மூடியைத் தூக்கினால், கீழே ஒரு சின்னச் சிமெந்துத் தொட்டி. அதற்குள் வீட்டுப் பக்கமிருந்து எங்கள் பேசின் பைப் வந்து இறங்குகிறது. மறுபக்கம் இன்னொரு பைப் சோக்பிட்டுக்கு, அதாவது கழிவுத் தண்ணீர் மண்ணுக்குள் ஊறும் குழிக்குப் போகிறது. நானா ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் ஒரேயடியாக ஊற்றிவிட்டுக் குந்தியிருந்து பார்த்தார். தண்ணீர் மட்டம் ஏறி, மெல்ல இறங்கிப் பழைய இடத்தில் நின்றது. "சோக்பிட் நல்லம். இது நிரம்பியிருந்தா உங்கட வீட்டுக்குள்ள நான் என்ன செஞ்சும் பிரயோசனமில்ல" என்றார். எங்கள் பகுதி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் தரை. மாரியில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அந்த நேரத்தில் பல வீடுகளில் பேசின் அடைக்கிறது என்று பைப்பைக் குத்திக்கொண்டிருப்பார்கள், உண்மையில் குழி நிரம்பியிருக்கும்.

பிறகு என்னையும் குந்தச் சொல்லி, தொட்டிக்குள் டோர்ச் அடித்துக் காட்டினார். வீட்டிலிருந்து வரும் பைப்பின் வாய் கீழ்நோக்கி வளைந்து தண்ணீருக்குள் மூன்று இஞ்சி தாழ்ந்து இருந்தது. அந்தக் காலத்தில் பேசினுக்கடியில் ட்ரப் வைக்கவில்லை. வாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து, குழி நாற்றத்தை அங்கேயே மறித்திருக்கிறார்கள். அப்பா காலத்து மேசன் தெரியாமல் செய்தது இல்லை, அது ஒரு முறைதான். ஆனால் பேசினிலிருந்து அந்தத் தொட்டி வரைக்கும் பன்னிரண்டு அடி பைப். அந்தப் பன்னிரண்டு அடியின் உள்பக்கம் படிந்த சவர்க்காரமும் எச்சிலும் நாறினால் அந்த நாற்றம் நேரே மேலே வரும், இடையில் தடுக்க ஒன்றும் இல்லை. நவம்பரில் வந்தவர் ஹோஸை ஒரு வளைவு வளைத்துக் கம்பியால் கட்டியிருந்தார், அதுதான் ட்ரப் என்று. அந்த வளைவில் தண்ணீர் நின்றபோது மேலே ஒரு தண்ணீர்ப் பூட்டு, கீழே தொட்டியில் ஒரு தண்ணீர்ப் பூட்டு, நடுவில் காற்று போக வழியில்லாமல் அடைபட்டது. கொப்பளிக்கும் சத்தம் அதனால்தான். பிறகு கம்பி தளர்ந்து வளைவு நிமிர்ந்ததும் மேல் பூட்டும் இல்லாமல் போனது, நாற்றமும் கரப்பொத்தானும் வரத் தொடங்கின. இரண்டு மாதமாக எனக்குப் பிடிபடாத விஷயத்தை நானா கறிவேப்பிலை மரத்தடியில் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். விளக்கியது எனக்கு. பக்கத்தில் என் தம்பியும் நின்றான், அவனைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் ஆண் இல்லாமல் வேலையாட்களோடு பேசிப் பழகியவர்களுக்கு இது என்ன என்று விளங்கும்.

அப்புறம்தான் குளியலறைக்குள் போனார். வெள்ளைச் சிமெந்தை உளியால் மெல்லத் தட்டி எடுத்தார். ஹோஸை இழுத்ததும் சிலிக்கோன் ஒரு ரப்பர் வளையம் போல முழுதாகக் கழன்று வந்தது. பைப்பில் ஒரு இடத்திலும் அது ஒட்டியிருக்கவில்லை. ஹோஸின் மடிப்புகளுக்குள் முடியும் சவர்க்காரமும் கறுப்பாகத் திரண்டு கிடந்தன.

இனி நான் பக்கத்தில் நின்று பார்த்த வேலை. சுவருக்குள் ஒன்றரை இஞ்சி ஜி.ஐ. எல்போ ஒன்று இருக்கிறது. அதற்குள் புரி ஏற்றிய நிப்பிள் துண்டுதான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பைப் ரெஞ்ச் வைத்துத் திருப்பினார். எதிர்பார்த்த மாதிரியே அது பொடிந்து கையோடு வந்தது. புரி உள்ள பகுதி எல்போவுக்குள் ஒரு வளையமாக ஒட்டிக்கொண்டது. அதை எடுக்காமல் புதிதாக ஒன்றும் பூட்ட முடியாது. சுவரை உடைப்பாரோ என்று பயந்தேன்.

அவர் முதலில் ஒரு துணியில் கயிறு கட்டி ஓட்டைக்குள் ஆழமாகத் தள்ளினார், கறள் துண்டுகள் உள்ளே விழுந்து அடைக்காமல் இருக்க. பிறகு ஹெக்சோ பிளேட் ஒன்றின் ஒரு பக்கத்தில் பழைய சைக்கிள் டியூப் சுற்றிப் பிடி மாதிரி ஆக்கி, வளையத்துக்குள் விட்டு, உள்ளேயிருந்து வெளிநோக்கி அறுக்கத் தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு இழுப்பு, நிறுத்துவார், டோர்ச் அடித்துப் பார்ப்பார், ஊதுவார், திரும்ப இழுப்பார். வளையத்தின் கனம் மட்டும்தான் அறுபட வேண்டும். எல்போவின் புரியில் பிளேட் பட்டுவிட்டால் அந்த இடத்தால் ஒழுகும், பிறகு சுவரை வெட்டி எல்போவை மாற்றுவதுதான் வழி. அரை இஞ்சி இடைவெளியில் இரண்டு வெட்டு. முக்கால் மணித்தியாலம் எடுத்தது. வியர்வை மூக்கு நுனியால் சொட்டியது, பிளேன்டீ ஆறிப்போய்க் கிடந்தது. கடைசியில் சின்ன உளியை இரண்டு வெட்டுக்கும் நடுவில் வைத்து உள்பக்கமாக ஒரு தட்டு. அந்தத் துண்டு மடிந்தது. மிச்ச வளையம் தளர்ந்து, சீவிய பாக்கு மாதிரி வளைந்து அவர் விரலோடு வந்தது. என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் கடதாசி அளவு மெல்லிசு, நகத்தால் அழுத்த ஓட்டை விழுந்தது. சுவரை ஊறவைத்த தண்ணீர் அந்த மெல்லிசான பக்கத்தால்தான் போயிருக்கிறது. கம்பி பிரஷால் தேய்த்த பிறகு உள்ளே அப்பா காலத்துப் புரி வரிவரியாக, ஒரு காயமும் இல்லாமல் தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அளவுகளைப் பற்றி அவர் சொன்னதை நான் தையல் கொப்பியிலேயே எழுதி வைத்தேன். கடைக்குப் போய் "ஒன்றேகால் தாங்க, ஒன்றரை தாங்க" என்று கேட்டால் போதாது. ஒன்றரை என்று சொல்லும் ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 48 மில்லிமீட்டர். ஒன்றரை என்று சொல்லும் நம்மூர் பி.வி.சி. 50. ஒன்றேகால் பி.வி.சி. 40, ஆனால் ஒன்றேகால் என்றே விற்கும் பேசின் ட்ரப்பின் குழாய் 32 மில்லிமீட்டர்தான். பெயர் ஒன்று, சாமான் ஒன்றுக்குள் ஒன்று போகாது, அல்லது ஆடும். ஆடுகிற இடத்தைத்தான் சிலிக்கோன் அடித்து மூடுகிறார்கள்.

அவர் செய்தது இது. எல்போவின் புரிக்குள் ஒன்றரை இஞ்சி வால்வ் சொக்கட், அதாவது வெளிப்பக்கம் புரி உள்ள பி.வி.சி. துண்டு. முதலில் டேப் சுற்றாமல் கையால் ஏற்றிப் பார்த்தார், மூன்று சுற்று நேராக ஏறியது. பிறகு கழற்றி, புரி ஏறும் திசையிலேயே வெள்ளை டேப்பைப் பத்துச் சுற்றுக்கு மேல் இழுத்துச் சுற்றி ஏற்றினார். அதில் 50 இலிருந்து 40 க்கு இறக்கும் சொக்கட், அதில் ஒரு சாண் 40 பைப், அதன் வாயில் 32 குழாயை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் புஷ். பைப் நுனிகளை மண்தாளால் தேய்த்து, துடைத்து, கம் பூசி, கால் சுற்றுத் திருகி அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். பாவம், மருமகன் அவசரப்பட்டுக் கையை எடுத்துவிட்டான். பைப் மெல்லப் பின்னுக்கு வழுகியது. "அது தள்ளும்டா, புடி" என்று அதட்டினார்.

இரும்பும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் உள்ளே இருக்க வேண்டும் என்றார். இரும்பு உள்ளே போய் பிளாஸ்டிக் வெளியே இருந்தால், இறுக்க இறுக்க பிளாஸ்டிக் விரிந்து வெடிக்கும். நவம்பரில் ஒட்டிய ட்ரப் ஏன் கழன்றது என்றும் கேட்டேன். அந்த வெள்ளை ட்ரப் பி.வி.சி. இல்லை, பொலிப்ரொப்பிலீன். பி.வி.சி. கம் அதில் பிடிக்கவே பிடிக்காது. அந்த ட்ரப் மட்டமான சாமான் இல்லை, நட்டால் இறுக்க வேண்டியதை ஒட்டினால் எப்படி நிற்கும்?

ட்ரப்பாக நாங்கள் வாங்கியது குரோம் பூசிய பித்தளை பொட்டில் ட்ரப், 4,200 ரூபாய். பிளாஸ்டிக்கில் 1,100 க்கும் இருந்தது, அதுவே போதும் என்றார் நானா. அம்மா எழும்பும்போது எதையாவது பிடிப்பார் என்று நான் பித்தளையே எடுத்தேன். மூன்று மாதமாகப் பாவிக்கிறோம். பாரமான சாமான், நட்டுகள் கையால் திருகும்போதே வழுவழுவென்று ஏறின. அடியில் உள்ள கிண்ணத்தைக் கையாலேயே கழற்றலாம். உள்ளே எப்போதும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கிறது. கடற்காற்று வீசும் இடம், குரோம் எவ்வளவு காலம் மினுங்கும் என்பதை அடுத்த வருடம்தான் சொல்லலாம். ஒவ்வொரு நட்டுக்குள்ளும் கூம்பு மாதிரி ஒரு ரப்பர் வாஷர் வருகிறது. அதன் ஒடுங்கிய பக்கம் ட்ரப்பின் உடலை நோக்கிப் போக வேண்டும், தடித்த பக்கம் நட்டை நோக்கி. திருப்பிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். கையால் இறுக்கிவிட்டுக் கால் சுற்று, அவ்வளவுதான். நானா ட்ரப்பின் செங்குத்துக் குழாயில் ஒரு இஞ்சி வெட்டினார், ட்ரப்பின் வெளிவாய் சுவர் ஓட்டையை விடக் கொஞ்சமாவது உயர்ந்து நிற்க. முதலில் செய்தவர் தாழ்த்தி வைத்திருந்ததால் தண்ணீர் மேட்டுக்கு ஏற வேண்டியிருந்தது.

பேசினின் அடி ஓட்டையில் பூட்டும் வேஸ்டையும் மாற்றினார். எங்கள் பேசினில் மேல்பக்கம் நிரம்பி வழியும் ஓட்டை ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட பேசினுக்குப் பக்கவாட்டில் வெட்டு உள்ள வேஸ்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓட்டையால் இறங்கும் தண்ணீருக்கு உள்ளே வழியில்லை.

அதன் பிறகு மறுபடி கறிவேப்பிலை மரத்தடி. மேலே ட்ரப் வந்துவிட்டதால் தொட்டிக்குள் அமிழ்ந்திருந்த வாய் இனித் தேவையில்லை. தொட்டியின் உள்சுவரில் மாரித் தண்ணீர் ஏறி நின்ற கறுப்புக் கோடு ஒன்று இருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே வரும்படி பைப்பின் வளைந்த துண்டை அறுத்து எடுத்தார். வாய் காற்றில் திறந்து நின்றது. மேலேயிருந்து அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் விட்டு இழுத்தார். செதில் செதிலாகக் கறளும் ஒரு கைப்பிடி முடியும் தொட்டிக்குள் வந்து விழுந்தன. மூடியைச் சுற்றி நுளம்பு போகாமல் சாந்து பூசினார். டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் இப்படிப்பட்ட தொட்டிகளையும் பார்ப்பார்கள்தானே.

அன்று தண்ணீர் விட விடவில்லை. "கம் காயட்டும், காலைல வாறன்" என்று போனார். காலையில் சொன்ன நேரத்துக்கு வந்தார். ட்ரப்புக்கு அடியில் காய்ந்த பத்திரிகைத் தாளை விரித்து, பேசினை மூடி, நிரம்பி வழியும் ஓட்டை வரை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்தார். குழாயை மெல்லத் திறந்து பார்ப்பது சோதனை இல்லை. நிரம்பிய பேசின் முழுப் பாரத்தோடு இறங்கும்போதுதான் பொருத்துக்கள் நிற்குமா என்று தெரியும். கடகடவென்று இறங்கியது. கொப்பளிக்கும் சத்தம் இல்லை. ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூவால் சுற்றித் துடைத்து என்னிடம் காட்டினார், பிறகு இரண்டாம் தரம், மூன்றாம் தரம். பத்திரிகையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. தையல் அறைக்கும் வந்து சுவரில் கைவைத்துப் பார்த்தார்.

கூலி 9,000, இரண்டு பேருக்கும் சேர்த்து. ட்ரப், வேஸ்ட், பி.வி.சி. சாமான் எல்லாம் 7,350. முதலில் போன காசையும் சீருடைத் துணிக் காசையும் கூட்டினால் இந்த ஒரு பேசினுக்கு நான் கொடுத்தது மிக அதிகம், ஆனால் அது நானாவின் கணக்கில் வராது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிந்தி வந்தது ஒன்று. வெள்ளைச் சிமெந்தைத் தட்டி எடுத்த இடத்தைச் சிமெந்தால் நிரவிவிட்டார், ஆனால் டைல்ஸ் வேலை செய்ய மாட்டார். அதற்கு வேறு ஆள் பிடிக்க வேண்டும். அந்த இடம் இன்னும் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரமாகத்தான் நிற்கிறது. குளியலறையைக் கூட்டிக் கழுவியது நான்.

போகும்போது ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். நிலத்துக்கடியில் போகும் அந்தப் பன்னிரண்டு அடி ஜி.ஐ. பைப்பின் ஆயுள் முடிந்துகொண்டு வருகிறது. உள்ளே கறள் தடித்து வழி பெருவிரல் அளவுக்கு ஒடுங்கியிருக்கிறது. இப்போது ஓடும், சில வருடம் ஓடலாம். ஒரு நாள் தரையை உடைத்து இரண்டு இஞ்சி பி.வி.சி. போடத்தான் வேண்டும். பைப் எந்த வழியால் போகிறது என்று தரையிலும் வெளிச்சுவரிலும் பென்சிலால் கோடு போட்டுத் தந்தார், அந்த நாளில் வீணாக உடைக்காமல் இருக்க. "அடைச்சா அசிட் மட்டும் ஊத்தாதீங்க. அடைப்புக்கு முதல் பைப்பத் தின்னும்" என்றும் சொன்னார். மாதம் ஒரு தரம் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவச் சொன்னார், கழுவுகிறேன்.

போன மாதம் அம்மா முகம் கழுவும்போது தோட்டின் சுரை கழன்று ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. அப்பா வாங்கிக் கொடுத்த தோடு. முன்பு என்றால் அது சோக்பிட்டுக்குப் போயிருக்கும். கீழே ஒரு வாளியை வைத்து, கிண்ணத்தைத் திருகிக் கழற்றினேன். கறுப்புத் தண்ணீருக்கடியில் மஞ்சளாகக் கிடந்தது. அம்மா அதைச் சவர்க்காரம் போட்டு அதே பேசினில் கழுவினார், இந்த முறை ஓட்டையை மூடிவிட்டு.

இப்படி ஒரு வேலை செய்யப்போகிறவர்கள் கழற்றிய பழைய துண்டு எவ்வளவு அழுக்காக இருந்தாலும் பையில் சுற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள், கூடவே புது ட்ரப்பையும். கவுண்டரில் வைத்தே ஒன்றுக்குள் ஒன்று போட்டுப் பார்க்கலாம். காத்தான்குடிக்குப் போவதென்றால் வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம்.